காணாமற் போன நாட்கள்

இன்று ஞாயிற்றுக்கிழமை. இதில் நேயர்கள் எவருக்கும் ஐயம் இராது. பத்திரிகையின் தலைப்பிலே நாளும் தேதியும் அச்சிடப்பட்டிருக்கின்றன. சுவரிலே தொங்கும் நாட்காட்டியும் அதையே கூறுகின்றது. ஆயினும் வீட்டிலுள்ள சிறுவன் ஒருவன், "அப்பா, இன்று ஞாயிறு என்று முதன்முதலில் முடிவு செய்தவர் யார்?" என்று கேட்டுவிட்டால், பெரியவர்கள் பலர் விடை கூற முடியாமல் திகைத்து நிற்க நேரும்.

பகலையும் இரவையும் நமக்குத் தருவது பூமியின் சுழற்சி. திங்களின் வளர்ச்சியும் தேய்வும் மாதத்தைத் தருகின்றன. பூமி சூரியனைச் சுற்றி வருவதனால் ஆண்டு உண்டாகின்றது. இவை மூன்றும் இயற்கையின் கொடை. ஆனால் நாளுக்கு என்ன பெயர், அது எங்கே தொடங்குகிறது, இன்று எத்தனையாந் தேதி, எந்த நாளில் வேலை செய்வது, எந்த நாளில் ஓய்வது என்பனவெல்லாம் மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகள். உடன்படிக்கை என்றால் அதை மாற்றவும் கூடும். அவ்வாறு மாற்றியபோது உலகில் நாட்கள் காணாமற் போயிருக்கின்றன. ஒரே நாள் இருமுறை விடிந்திருக்கின்றது. அப்பொழுதெல்லாம் ஒரு கேள்வியும் கூடவே எழுந்தது: போன நாளின் கூலியை யார் தருவது? அந்த மாற்றத்தின் சுமையை யார் தாங்குவது? இவ்வாரம் அக்கதைகளைப் பார்ப்போம்.

புதனா, வியாழனா?

1519ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஸ்பானிய தேசத்திலிருந்து ஐந்து கப்பல்கள் மேற்குத் திசை நோக்கிப் புறப்பட்டன. அவற்றின் தலைவர் போர்த்துக்கேய மாலுமியான மகெல்லன். ஏறக்குறைய 240 பேர் அவற்றில் ஏறினர். மகெல்லன் 1521ஆம் ஆண்டு ஏப்ரில் 27ஆந் தேதி பிலிப்பைன் தீவுகளில் நடந்த சண்டையில் மாண்டார். மூன்று ஆண்டுகளின் பின் உலகைச் சுற்றிக்கொண்டு ஊர் திரும்பியது விக்டோரியா என்னும் ஒரே கப்பல். அதில் வந்து இறங்கியோர் 18 பேர் மாத்திரமே.

திரும்பும் வழியில், 1522ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், உணவு தேடி ஆபிரிக்காவின் மேற்கேயுள்ள கேப் வேர்ட் தீவுகளில் அவர்கள் தங்கினர். கப்பலிலிருந்த கணக்கின்படி அன்று புதன்கிழமை. கரையில் இருந்தவர்களோ வியாழக்கிழமை என்றனர். கப்பலில் இருந்த பிகபெற்றா என்பவர் பயணம் முழுவதிலும் ஒரு நாளும் தவறாது நாட்குறிப்பு எழுதி வந்தவர். கணக்கு எங்கே பிசகிற்று என்று அவர் பெரிதும் வியந்தார். விரத நாட்களும் திருநாட்களும் மனிதரின் ஆன்ம நலனோடு பிணைந்தவை என்று நம்பிய காலம் அது. ஆதலால் ஒரு நாள் பிசகுவது அவர்களுக்குச் சிறு காரியமாக இருக்கவில்லை.

உண்மையில் எவரும் பிழை செய்யவில்லை. மேற்கு நோக்கிப் போகிறவன் சூரியன் செல்லும் திசையிலேயே செல்லுகின்றான். ஆகவே அவனுடைய ஒவ்வொரு பகலும் சிறிதளவு நீளுகின்றது. 15 பாகை மேற்கே சென்றால் ஒரு மணித்தியாலம்; 360 பாகையும் சுற்றிவிட்டால் 24 மணித்தியாலம், அதாவது ஒரு முழு நாள். மூன்று ஆண்டுகளில் அம்மாலுமிகள் கண்ட சூரியோதயங்கள், வீட்டில் இருந்தவர்கள் கண்டவற்றிலும் ஒன்று குறைவு. கிழக்கு நோக்கிச் சுற்றுகிறவனுக்கோ ஒரு நாள் மிகும். யூல் வேர்ண் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் எண்பது நாளில் உலகைச் சுற்றிய கதையை முடித்து வைத்தது இந்த உண்மையைக் கொண்டுதான் என்பதை அக்கதையை வாசித்த மாணவர்கள் அறிவர்.

நாலாந் தேதிக்கு மறுநாள் பதினைந்தாந் தேதி

கடலில் ஒரு நாள் தொலைந்தது. தரையிலோ ஒரே இரவில் பத்து நாட்கள் தொலைந்தன.

ஆண்டுக்கு 365¼ நாள் என்று வைத்து, நாலாண்டுக்கு ஒருமுறை ஒரு நாளைக் கூட்டும் முறையை ஏற்படுத்தியவர் உரோமாபுரியின் யூலியஸ் சீசர். கணக்கு ஏறத்தாழச் சரிதான். ஆனால் பருவகாலங்களின்படி ஆண்டின் உண்மையான நீளம் 365 நாள், 5 மணித்தியாலம், 48 நிமிஷம், 46 செக்கன். அதாவது சீசரின் ஆண்டு 11 நிமிஷமும் சில செக்கன்களும் அதிகம். பதினொரு நிமிஷந்தானே என்று எண்ணலாம். அது 128 ஆண்டுகளில் ஒரு முழு நாளாகத் திரண்டுவிடும். 16ஆம் நூற்றாண்டளவில், பகலும் இரவும் சமமாகும் வசந்த நாள் மார்ச் 21ஐ விட்டு மார்ச் 11க்கு நகர்ந்துவிட்டது. உயிர்த்த ஞாயிறு அந்த நாளைக்கொண்டே கணிக்கப்படுவதால் திருச்சபைக்கு இது பெருங் கவலையாயிற்று.

எனவே பாப்பரசர் 13ஆம் கிரகோரி, வானநூலாரின் ஆலோசனைப்படி, 1582ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் தேதி வியாழக்கிழமைக்கு மறுநாள் ஒக்டோபர் 15ஆந் தேதி வெள்ளிக்கிழமையாகும் என்று ஆணையிட்டார். அவிலா நகரத்துப் புனித தெரேசா ஒக்டோபர் 4ஆந் தேதி இரவு காலமானார். அந்த இரவு கழிந்து விடிந்தபோது நாட்காட்டி 15ஆந் தேதியைக் காட்டிற்று. அவருடைய திருநாள் இன்றும் ஒக்டோபர் 15இலேயே கொண்டாடப்படுகின்றது.

இனிமேல் இப்பிழை நேராதிருக்க ஒரு விதியும் செய்யப்பட்டது. நூற்றாண்டின் இறுதி வருஷங்களுள் 400ஆல் மீதியின்றிப் பிரிக்கப்படக் கூடியவை மாத்திரமே நெட்டாண்டுகளாகும். ஆகவே 1600, 2000 ஆகிய வருஷங்களுக்கு பெப்ரவரி 29 உண்டு. 1700, 1800, 1900 ஆகியவற்றுக்கு இல்லை. 2100க்கும் இராது.

இத்தாலியும் ஸ்பானியாவும் போர்த்துக்கலும் உடனே இதனை ஏற்றன. மற்றைய நாடுகள் தத்தம் மதக் கொள்கை காரணமாகவும் அரசியல் காரணமாகவும் பின்தங்கின. சுவீடன் தேசம் செய்தது மிகவும் விநோதம். அது 1700ஆம் ஆண்டில் பெப்ரவரி 29ஐ விட்டுவிட்டு, சிறிது சிறிதாகப் புதிய முறைக்கு மாற எண்ணிற்று. இடையில் மனம் மாறிப் பழைய முறைக்கே திரும்ப விரும்பியபோது, விட்ட நாளைக் கூட்டவேண்டியதாயிற்று. ஆதலால் 1712ஆம் ஆண்டில் அந்நாட்டில் பெப்ரவரி 30ஆந் தேதி என்றொரு நாள் இருந்தது! ருஷ்யாவில் 1918ஆம் ஆண்டு ஜனவரி 31க்கு மறுநாள் பெப்ரவரி 14 ஆயிற்று. ஒக்டோபர்ப் புரட்சி என்று பெயர்பெற்ற நிகழ்ச்சியின் ஆண்டு விழா நவெம்பர் 7இல் வந்ததன் காரணம் இதுவே.

கூலியும் வாடகையும்

இங்கிலாந்து 170 ஆண்டுகள் காத்திருந்தது. அதற்குள் வேறுபாடு 11 நாட்களாகிவிட்டது. 1752ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆந் தேதி புதன்கிழமை உறங்கச் சென்ற ஆங்கிலேயர், மறுநாள் 14ஆந் தேதி வியாழக்கிழமை துயிலெழுந்தனர். அவ்வாண்டுக்கு நாட்கள் 355 மாத்திரமே. அதற்கு முந்திய 1751ஆம் ஆண்டு இன்னும் குறுகியது. ஏனெனில் அதுகாறும் மார்ச் 25இல் பிறந்துவந்த ஆங்கிலப் புத்தாண்டு அப்பொழுதுதான் ஜனவரி 1க்கு மாற்றப்பட்டது. ஆகவே 1751க்கு 282 நாட்களே வாய்த்தன.

"எங்கள் பதினொரு நாளையும் திருப்பிக் கொடுங்கள்" என்று கூவிக்கொண்டு மக்கள் கலகம் செய்ததாக ஒரு கதை பல நூல்களில் உண்டு. வில்லியம் ஹோகாத் என்னும் ஓவியர் 1755ஆம் ஆண்டளவில் தீட்டிய தேர்தல் விருந்துக் காட்சி ஒன்றில் இக்கோரிக்கை எழுதிய பதாகை காணப்படுகின்றது. கலகக் கதை அதிலிருந்தே வளர்ந்தது என்றும், உண்மையில் அத்தகைய கலகம் நடந்ததற்குத் தக்க சான்று இல்லை என்றும் பிற்கால ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர்.

ஆயினும் ஏழை மக்களின் அச்சத்தில் நியாயம் இருந்தது. மாத வாடகை முழுவதையும் கொடுத்து, 19 நாட் சம்பளம் மாத்திரம் பெற்றால் குடும்பம் எவ்வாறு பிழைக்கும்? இதனை உணர்ந்தே சட்டத்தை வகுத்தவர்கள் அதில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கடனும் வாடகையும் ஒப்பந்தங்களும் நாட்காட்டியின் தேதி தாவிவிட்ட காரணத்தால் முந்திக்கொண்டு வரமாட்டா. உண்மையாகவே அத்தனை பகலிரவுகள் கழிந்த பின்னரே அவை செலுத்தத்தக்கன. 21 வயது நிரம்புவதும் அவ்வாறே. நாளை மாற்றும் அதிகாரம் உள்ளவர்கள், அந்த மாற்றத்தால் எளியவன் நட்டப்படலாகாது என்று எண்ணியமைக்கு இது நல்லதோர் உதாரணம்.

பிறந்த தேதி மாறிய பெரியோர்

அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதியான ஜோர்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது நாட்காட்டி காட்டியது 1731 பெப்ரவரி 11. இப்பொழுது அவர் பிறந்த தினமாகக் கொள்ளப்படுவது 1732 பெப்ரவரி 22. நாள் மட்டுமன்றி ஆண்டும் மாறிவிட்டதைக் கவனியுங்கள்.

கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூட்டன் பிறந்தார் என்று பாடப் புத்தகங்கள் சில கூறுவதுண்டு. கலிலியோ காலமானது இத்தாலியில், புதிய நாட்காட்டியின்படி 1642 ஜனவரி 8இல். நியூட்டன் பிறந்தது இங்கிலாந்தில், பழைய நாட்காட்டியின்படி 1642 டிசெம்பர் 25இல். இரண்டையும் ஒரே நாட்காட்டியில் வைத்து நோக்கினால் நியூட்டனின் பிறந்த நாள் 1643 ஜனவரி 4 ஆகிவிடுகின்றது. பழைய நாட்காட்டியை மட்டும் கொண்டு பார்த்தாலும், கலிலியோ இறந்த நாள் 1641ஆம் ஆண்டுக்கே உரியது. அழகான கதைதான், ஆனால் இரண்டு நாட்காட்டிகளைக் கலந்தால்தான் அது நிற்கும்.

நம் வீட்டுப் பொங்கல்

இந்த நாட்கணக்கு நம் வீட்டு முற்றத்துக்கும் வருகின்றது. தைப்பொங்கலன்று சூரியன் வடதிசை நோக்கித் திரும்புகின்றான் என்று கூறி வருகிறோம். வானத்தை அளந்து பார்த்தால், சூரியன் தென்கோடியிலிருந்து வடக்கே திரும்புவது டிசெம்பர் 21 அல்லது 22இல். பொங்கல் வருவதோ ஜனவரி 14 அல்லது 15இல். மூன்று வாரத்துக்கு மேற்பட்ட இந்த இடைவெளி ஏன்?

நமது சோதிட ஆண்டு நட்சத்திரங்களைக் கொண்டு கணிக்கப்படுகின்றது. சூரியன் ஒரு நட்சத்திர ராசியை விட்டுப் புறப்பட்டு அதே இடத்துக்கு மீண்டும் வரும் காலம், பருவங்களின் ஆண்டைப் பார்க்கிலும் ஏறக்குறைய 20 நிமிஷம் அதிகமானது. பூமியின் அச்சு, வேகங் குறைந்த பம்பரம்போல, மிக மெல்லத் தலை சுற்றுவதே இதற்குக் காரணம். ஏறத்தாழ எழுபது ஆண்டுகளில் இது ஒரு நாளாகும். ஒரு காலத்தில் சூரியன் வடக்கே திரும்பிய நாளும் மகர சங்கிராந்தியும் ஒன்றாகவே இருந்தன. பின்னர் மெல்ல மெல்ல அவை பிரிந்தன. சுவாமி விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12ஆந் தேதி மகர சங்கிராந்தி நாள் என்பது இந்த நகர்வுக்கு நல்ல சாட்சி. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வருஷப் பிறப்பின் நேரத்தில் வேறுபடுவதை நம் பெரியோர் நன்கறிவர். இரண்டும் ஒரே வானத்தைத்தான் கணக்கிடுகின்றன. கணக்கிடும் முறைதான் வேறு.

வாரத்தை உடைத்தவர்கள்

தேதி மாறிய எல்லாச் சந்தர்ப்பங்களிலும் ஒன்று மாறவில்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். வியாழனுக்குப் பின் வெள்ளி வந்தது. புதனுக்குப் பின் வியாழன் வந்தது. ஏழு நாள் வாரம் என்பது வானத்திலுள்ள எந்தச் சுழற்சியாலும் உண்டாவதன்று. ஆயினும் ஆண்டையும் மாதத்தையும் விட அதுவே உறுதியாக நிலைத்து நின்றது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று நாம் கூறும் வரிசையும், பழைய உரோமர் தம் நாட்களுக்கு இட்ட கிரகங்களின் வரிசையும் ஒன்றே. தேசங்கள் வேறு, பாஷைகள் வேறு; வாரம் ஒன்று.

அதனை உடைக்க முயன்றவர்களும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியாளர் 1793இல் வாரத்தைப் பத்து நாளாக்கினர். ஒரு நாளைப் பத்து மணியாகவும், ஒரு மணியை நூறு நிமிஷமாகவும் பிரித்தனர். புதிய மணிக்கணக்கு 1795இலேயே கைவிடப்பட்டது. ஏழு நாளுக்கு ஒருமுறை ஓய்ந்த உழைப்பாளி பத்து நாளுக்கு ஒருமுறை ஓய்வதை விரும்புவானா? 1806 ஜனவரி 1ஆந் தேதி பழைய நாட்காட்டி மீண்டும் வந்தது.

சோவியத் ருஷ்யா 1929இல் வேறொரு வழியைக் கையாண்டது. இயந்திரங்கள் ஒரு நாளும் ஓயலாகாது என்பதற்காக வாரம் ஐந்து நாளாக்கப்பட்டது. தொழிலாளர் ஐந்து கூட்டமாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் வெவ்வேறு ஓய்வு நாள். கணவனுக்கு மஞ்சள், மனைவிக்குப் பச்சை என்று அமைந்துவிட்டால், ஒருவர் வீட்டில் இருக்கும் நாளில் மற்றவர் ஆலையில் இருப்பார். பிள்ளைகளின் விடுமுறை இன்னொரு நாளில். எல்லோரும் கூடி ஒரு வேளை உணவு உண்ணவும் வழியில்லை என்று மக்கள் முறையிட்டனர். இயந்திரங்களோ ஓய்வின்றி ஓடி விரைவில் பழுதுற்றன. 1931இல் எல்லோருக்கும் பொதுவான ஓய்வு நாளோடு ஆறு நாள் வாரம் வந்தது. 1940இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறும் திரும்பின. ஓய்வு என்பது தனி ஒருவனுடைய உடலுக்கு மாத்திரம் வேண்டியதன்று. வீட்டார் அனைவரும் ஒருசேரப் பெறவேண்டியது என்பதை உலகம் அங்கே கண்டுகொண்டது.

ஞாயிறு வேலை நாளாக இருந்த இலங்கை

இளைய நேயர்களுக்கு அடுத்த செய்தி புதுமையாகத் தோன்றலாம். நமது நாட்டிலேயே ஞாயிற்றுக்கிழமை வேலை நாளாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1966ஆம் ஆண்டு தொடக்கம் 1971ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை, சனி ஞாயிறுக்குப் பதிலாகப் போயா நாளும் அதற்கு முந்திய நாளுமே வார விடுமுறையாக இருந்தன. அமாவாசை, பூரணை, இடையிலுள்ள இரண்டு அரைமதி நாட்கள் என மாதத்துக்கு நான்கு போயாக்கள்.

சந்திர மாதம் ஒன்று 29 நாள், 12 மணித்தியாலம், 44 நிமிஷம். அதனை நாலாகப் பிரித்தால் 7 நாளும் 9 மணித்தியாலமும் வரும். அந்த 9 மணித்தியாலந்தான் தொல்லை விளைத்தது! சில வாரங்கள் ஏழு நாளில் முடிந்தன. சில வாரங்கள் எட்டு நாளாக நீண்டன. விடுமுறை ஒருமுறை செவ்வாயில் வரும்; பின்னர் புதனுக்கு நகரும். பிற நாட்டு வங்கிகள் திறந்திருக்கும் நாளில் கொழும்பு மூடியிருந்தது. கொழும்பு திறந்திருக்கும் ஞாயிறன்று பிற நாடுகள் மூடியிருந்தன. ஞாயிற்று வழிபாட்டுக்குச் செல்வோர் வேலைக்கும் செல்லவேண்டியிருந்தது. 1971இல் சனி ஞாயிறு விடுமுறை மீண்டது. பூரணைப் போயா மாத்திரம் பொது விடுமுறையாக இன்றும் நிலைத்திருக்கின்றது.

கடிகாரமும் நம் நாட்டில் இடம் மாறியிருக்கின்றது. மழை பொய்த்து மின்சாரம் குறைந்தமையால் 1996 மே மாதம் 25ஆந் தேதி கடிகாரங்கள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபரில் அதில் பாதி திருப்பப்பட்டது. வடக்கில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலோ பழைய நேரமே தொடர்ந்தது. இந்தச் சிறு தீவில் இரண்டு நேரங்கள் வழங்கின. அப்பகுதிகளுக்குப் போய் வந்தவர்கள் கடிகாரத்தையும் மாற்றவேண்டியதாயிற்று. 2006 ஏப்ரில் நடுப்பகுதியில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்கே, அதாவது கிறீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய நேரத்துக்கே, திரும்பியது.

வெள்ளிக்கிழமையை இழந்த தீவு

உலகத்தைச் சுற்றும்போது ஒரு நாள் கூடவோ குறையவோ வேண்டுமென்றால், அதற்கு ஓரிடம் குறிக்கப்படவேண்டும். அதுவே பசிபிக் சமுத்திரத்தின் நடுவே செல்லும் சர்வதேசத் தேதிக் கோடு. ஆசியாவும் வட அமெரிக்காவும் நெருங்கும் பேரிங் தொடுகடலில் டயமீட் என்னும் பெயருடைய இரண்டு தீவுகள் உண்டு. பெரியது ருஷ்யாவுக்குரியது; சிறியது அமெரிக்காவுக்குரியது. இடைத்தூரம் ஏறக்குறைய 4 கிலோமீற்றர். நேர வித்தியாசமோ 21 மணித்தியாலம். சிறிய தீவில் நிற்பவன் எதிரே பார்த்தால் நாளையைப் பார்க்கிறான் எனலாம்.

சமோவா என்னும் பசிபிக் தீவு நாடு இக்கோட்டின் இரு பக்கத்திலும் இருந்து பார்த்துவிட்டது. 1892இல் அமெரிக்க வர்த்தகத்தை நாடிக் கோட்டின் கிழக்குப் பக்கத்துக்கு மாறியபோது ஜூலை 4ஆந் தேதி இரண்டு முறை வந்தது. நெட்டாண்டுமாகையால் அவ்வாண்டுக்கு 367 நாட்கள்! பின்னர் அதன் வர்த்தகம் அவுஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் வளர்ந்தது. சமோவாவில் வெள்ளிக்கிழமை வேலை நடக்கும்போது சிட்னியில் சனிக்கிழமை. சமோவா மக்கள் ஞாயிறன்று கோயிலில் இருக்கும்போது சிட்னி மக்கள் திங்களன்று காரியாலயத்தில் இருந்தனர். வாரத்தில் நாலு நாட்களே இருவருக்கும் பொதுவாயின. எனவே 2011ஆம் ஆண்டு டிசெம்பர் 29 வியாழக்கிழமை நள்ளிரவு கழிந்ததும் டிசெம்பர் 31 சனிக்கிழமை பிறந்தது. 30ஆந் தேதி வெள்ளிக்கிழமை சமோவாவில் விடியவேயில்லை. ஆனால் அந்த விடியாத நாளுக்கும் தொழிலாளருக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது. 1752இல் ஆங்கிலேயர் எழுதிய நியாயத்தை 2011இலும் ஒரு சிறு தீவு மறக்கவில்லை.

பவளம் எழுதிய நாட்குறிப்பு

இத்தனை மாற்றங்களையும் செய்தவன் மனிதன். பூமியின் சுழற்சியாவது மாறாதது என்று எண்ணலாம். அதுவும் மாறுகின்றது.

சந்திரனின் ஈர்ப்பினால் கடலில் வற்றும் பெருக்கும் உண்டாகின்றன. அந்த நீரின் உராய்வு பூமியின் சுழற்சிக்கு ஒரு தடை போல நிற்கின்றது. நாளின் நீளம் நூறு ஆண்டில் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஏறக்குறைய இரண்டு பங்கு கூடுகின்றது. இதற்குப் பழங்காலத்துச் சாட்சி பவளம். பவளப் பூச்சி நாள்தோறும் மெல்லிய சுண்ணப் படை ஒன்றை வளர்க்கின்றது. ஆண்டுதோறும் அப்படைகள் ஒரு பட்டையாகத் தெரிகின்றன. ஜோன் வெல்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கற்பவளங்களை ஆராய்ந்து, ஒரு வருஷப் பட்டைக்குள் சுமார் 400 நாட் கோடுகள் இருப்பதை 1963இல் வெளியிட்டார். ஆகவே அக்காலத்தில் ஆண்டுக்கு 400 நாட்கள். நாளுக்கு 22 மணித்தியாலம். மனிதனே தோன்றாத காலத்து நாட்காட்டியைக் கடலடியில் இருந்த சிற்றுயிர் எழுதி வைத்திருக்கிறது!

அணுக் கடிகாரங்கள் வந்த பின்னர், பூமி பிந்துவதை ஈடுசெய்ய 1972 முதல் 27 முறை ஒரு செக்கன் கூட்டப்பட்டது. கடைசியாகக் கூட்டிய செக்கன் நம் நாட்டு நேரப்படி 2017ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் தேதி விடியற்காலையில் வந்தது. அன்று 5 மணி 29ஆவது நிமிஷத்துக்கு 61 செக்கன்கள். பெரும்பாலானோர் உறக்கத்திலேயே அந்தச் செக்கனைப் பெற்றுக்கொண்டனர். 2035ஆம் ஆண்டளவில் இவ்வழக்கத்தை நிறுத்திவிட 2022இல் உலக நாடுகள் தீர்மானித்துள்ளன.

சில வேளைகளில் நாள் குறுகுவதும் உண்டு. 2004 டிசெம்பர் 26ஆந் தேதி, சுமாத்திராவின் கடலடியில் நிகழ்ந்த பெரும் பூகம்பம் பூமியின் பாரம் பரந்திருக்கும் முறையைச் சிறிது மாற்றிற்று. அதனால் நாளின் நீளம் ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவான அளவு குறைந்திருக்கும் என அமெரிக்க விஞ்ஞானிகள் கணித்தனர். எந்தக் கடிகாரமும் காட்டமாட்டாத அளவு அது. அன்று ஞாயிற்றுக்கிழமை; அன்றே பூரணைப் போயாவும். நம் தீவில் மாத்திரம் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்நாளின் மாலையைக் காணவில்லை. பூமிக்கு அணுவளவு குறைந்த அந்த நாள், முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் காலியிலும் எத்தனையோ வீடுகளில் இன்னும் முடியாமலே இருக்கின்றது.

நாளை அளப்பது விஞ்ஞானியின் வேலை. அதற்குப் பெயரிட்டு, வேலைக்கும் ஓய்வுக்கும் பங்கிடுவது சமுதாயத்தின் வேலை. அப்பங்கீட்டில் எளியவனின் கூலி குறையவில்லையா, வீட்டார் கூடியிருக்கும் வேளை பறிபோகவில்லையா என்று பார்த்தால், நாட்காட்டியைத் திருத்தியவர்கள் எவ்வளவு தூரம் நியாயம் அறிந்தவர்கள் என்பது விளங்கும். வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருக்கக் கிடைத்த இந்த ஞாயிறும் அப்படிப்பட்ட ஓர் உடன்படிக்கையின் பயன்தான். அதனை நல்லவாறு கழியுங்கள்.

மாணவருக்கு ஒரு கணக்கு

இந்தியப் பிரதமராக விளங்கிய மொரார்ஜி தேசாய் 1896ஆம் ஆண்டு பெப்ரவரி 29ஆந் தேதி பிறந்து, 1995ஆம் ஆண்டு ஏப்ரில் 10ஆந் தேதி, தமது 99ஆவது வயதிற் காலமானார். தாம் பிறந்த அதே தேதியில் அவர் எத்தனை பிறந்த நாட்களைக் கண்டிருப்பார்? விடையைப் பார்க்குமுன் கடதாசியில் எழுதிப் பாருங்கள்.

விடை: 23. நாலாண்டுக்கு ஒன்றாக எண்ணி 24 என்று எழுதியவர்கள் 1900ஆம் ஆண்டை மறந்துவிட்டார்கள். அவ்வாண்டுக்கு பெப்ரவரி 29 இல்லை. ஆதலால் குழந்தை மொரார்ஜி தம் முதலாவது பிறந்த நாளுக்கு எட்டு வயது வரை காத்திருக்கவேண்டியதாயிற்று!